பிழைத்த வினாவுக்குத் திரும்பிப் போகையில்: நான்கு வகை வினாத்தாள்கள், ஓர் ஒப்பீடு

மருத்துவபீடத்தைக் குறிவைத்து உயர்தர உயிரியல் பிரிவில் படிக்கும் இலங்கையின் வன்னிப் பகுதி மாணவர் ஒருவரின் மேசையில், பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கையில், நான்கு வகை வினாத்தாள்கள் குவிந்திருக்கும்: பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகாலத் தாள்கள், தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணைப் பரீட்சைத் தாள்கள், தனியார் வகுப்புகளில் அச்சிட்டுத் தரும் மாதிரித் தாள்கள், கைபேசி வழியே வந்து சேரும், இந்திய மருத்துவ நுழைவுப் பரீட்சையான நீட்டின் வினாக்கள். இவற்றில் எதைச் செய்வது என்று கேட்டு வருவோர் பலர். செய்து முடித்த தாளை மீட்டும்போது எது கூடுதலாகக் கற்பிக்கும் என்று கேட்டவர்கள், கிளிநொச்சியில் நான் கற்பித்துவரும் இத்தனை ஆண்டுகளில், விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. எனவே இங்கே ஒரே அளவுகோலை வைத்துக்கொள்கிறேன்: பிழைத்த வினாவுக்குத் திரும்பிப் போகும் மாணவருக்கு அந்தத் தாள் எதைக் கொடுக்கிறது?

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகிறது. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய நான்கும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளன. ஆனால் சனத்தொகை சிறியது என்பதால் மாவட்ட ஒதுக்கீட்டில் கிடைக்கும் மருத்துவபீட இடங்களும் சிலவே. அனுமதியைத் தீர்மானிக்கும் தரப்படுத்திய புள்ளியான இசட் புள்ளியின் இரண்டாம் தசமதானம் ஒருவரை உள்ளேயும் இன்னொருவரை வெளியேயும் நிறுத்திவிடும் நிலையில், கவனமில்லாமல் மீட்டிய மூன்று பல்தேர்வு வினாக்கள் சிறிய இழப்பாகா.

கடந்தகாலத் தாளை முதலில் எடுத்துக்கொள்வோம். 50 பல்தேர்வு வினாக்கள், ஐந்து தெரிவுகள், இரண்டு மணித்தியாலம்; வினா ஒன்றுக்கு 2 நிமிடம் 24 செக்கன். பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லை. உயிரியலில் 41 முதல் 50 வரையான வினாக்களில் ஏ, பி, சி, டி முதலான கூற்றுகள் தரப்படும்: ஏ, பி, டி சரியானால் விடை 1, ஏ, சி, டி ஆயின் 2, ஏ, பி ஆயின் 3, சி, டி ஆயின் 4, வேறு எந்தச் சேர்மானமாயினும் 5. ஒட்டுசுட்டானிலிருந்து வகுப்புக்கு வந்த மாணவி ஒருவர் இத்தகைய வினா ஒன்றைக் காட்டி, "சேர், இது சரி வந்தது, பார்க்கத் தேவையில்லை" என்று அடுத்த வினாவுக்குப் போக முயன்றார். எந்தக் கூற்றுகளைச் சரியென்று எடுத்தீர்கள் என்று கேட்டேன். பி, சி என்றார். உண்மையில் சரியானவை ஏயும் டியும். இந்த நான்கு கூற்றுகளையும் அவர் தலைகீழாக விளங்கியிருந்தார். ஆயினும் இரண்டு சேர்மானங்களுக்கும் விடை 5 என்பதால் முழுப் புள்ளி விழுந்திருந்தது. ஏ, பி, டி மூன்றும் சரியான இன்னொரு வினாவில் டியை மட்டும் தவறவிட்டு 3 என்று எழுதியிருந்தார். ஒரு கூற்றைத் தவிர மற்றவற்றை அறிந்திருந்தும் அங்கே கிடைத்தது சுழியம். புள்ளித்திட்டத்தில் விடை இலக்கத்தை மட்டும் சரிபார்த்துக் கூட்டுத்தொகை போடும் மாணவருக்கு இந்த இரண்டு உண்மைகளும் ஒருபோதும் தெரியவரமாட்டா. ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் சரி, பிழை என்று பென்சிலால் இட்டுக்கொண்டு, அந்த அடையாளங்களையே பின்னர் மீட்டுவதுதான் வழி.

இரசாயனவியலின் 41 முதல் 50 வரையான வினாக்களும் இதே குணமுடையவை. அங்கே இரண்டு கூற்றுகள் தரப்படும்: இரண்டும் உண்மையாகி, இரண்டாவது முதலாவதை விளக்கினால் விடை 1, இரண்டும் உண்மையாகியும் விளக்காவிட்டால் 2. அமோனியாவின் கொதிநிலை பொசுபீனினதிலும் உயர்ந்தது என்பது முதற் கூற்று, அமோனியா மூலக்கூறு முக்கோணக் கூம்பக வடிவமானது என்பது இரண்டாவது கூற்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் உண்மை, ஆனால் காரணம் ஐதரசன் பிணைப்பு, வடிவமன்று. எனவே விடை 2. இங்கே 1 என்று எழுதியவர் எதையும் மறக்கவில்லை, இணைப்பைத்தான் சோதிக்கவில்லை. அவரைப் பாடத்தை மறுபடி வாசிக்கச் சொல்வது வீண்வேலை.

திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கையில், எந்த வினாவுக்கு எத்தனை வீதமானோர் சரியாக விடையளித்தனர் என்பதும் பொதுவான பிழைகள் பற்றிய குறிப்புகளும் உண்டு. பெரும்பாலோர் சரியாகச் செய்த வினாவில் நீங்கள் பிழைத்திருந்தால் அதை முதலில் கவனிக்க வேண்டும். இந்த வசதி ஏனைய மூன்றிலும் இல்லை. கடந்தகாலத் தாள்களின் குறை ஒன்று: இன்றைய பாடத்திட்டத்துக்கான முதற் பரீட்சை 2019இல் நடந்தது, அதற்கு முந்திய உயிரியல் தாள்களில் சில விடைகள் இன்றைய வள நூலுடன் ஒத்துப்போகா.

ஆனையிறவுக்கு அப்பாலிருந்து வரும் வெளிக்கள நிலையத்தின் தாள்கள் தவணை அலகுகளுக்குள் நிற்பவை. 12ஆம் தரத்தில் இருப்பவர் கடந்தகாலத் தாளை எடுத்தால் படிக்காத அலகுகளில் இடறுவார். இங்கே அந்தத் தொல்லை இல்லை. அமைப்புக் கட்டுரை வினாக்களுக்கு இவற்றையே நான் பெரிதும் விரும்புகிறேன், ஏனெனில் எழுதிய விடைத்தாள் ஆசிரியரின் சிவப்பு மையுடன் திரும்பி வரும். பாட ஆசிரியர் இல்லாத பாடசாலைகளில் கூட்டுத்தொகை மட்டுமே திரும்பி வருவதும் உண்டு. அப்போது புள்ளித்திட்டத்தை வரிவரியாகத் தாமே ஒப்பிட வேண்டியதுதான்.

தனியார் வகுப்பு மாதிரித் தாள்களைப் பற்றி எனக்குச் சற்றுக் கசப்பு உண்டு. ஒரு தாளின் விடைப்பட்டியல், நைதரசனின் முதலாம் அயனாக்கற் சக்தி ஒட்சிசனினதிலும் குறைவு என்றது. உண்மை இதற்கு மாறானது. அரைநிரம்பிய 2பி ஒபிற்றல்களால் நைதரசனுக்கே அது உயர்வு. சரியாக எழுதியிருந்த என் மாணவர் ஒருவர் பட்டியலைப் பார்த்துத் தம் விடையை வெட்டிவிட்டு, பிழையைப் பிழைக் கொப்பியிலும் ஏற்றி, இரண்டு மாதம் மனனம் செய்தார். பௌதிகவியலில் இந்த ஆபத்துக் குறைவு. அலகையும் பருமன் வரிசையையும் பார்த்து விடைப்பட்டியலையே சந்தேகிக்க முடியும். ஆகவே இவற்றைப் பௌதிகவியல் கணக்குகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

நீட் தாளில் 180 நிமிடத்துக்கு 180 வினாக்கள், நான்கு தெரிவுகள், பிழைக்கு ஒரு புள்ளி கழிவு. அந்த வேகமும், ஐயமிருந்தால் விட்டுவிடும் பழக்கமும் நம் பரீட்சைக்கு உதவா. இங்கே எதையும் வெறுமையாக விடக்கூடாது. அதைவிடப் பெரிய சிக்கல் சொற்களில் இருக்கிறது. செல் என்றால் கலம், ஒளிச்சேர்க்கை என்றால் ஒளித்தொகுப்பு என்பவற்றை எவரும் ஊகித்துவிடுவர். அழுத்தம் என்னும் சொல்தான் பொல்லாதது. அங்கே அழுத்தம் என்பது நமது அமுக்கம் (pressure). நமது பாடத்தில் அழுத்தம் (potential) வேறு கணியம், நீரழுத்தம் (water potential) என்பதிலும் அழுத்த சக்தி என்பதிலும் வருவது. தூய நீரில் இட்டு முழு வீக்கமடைந்த தாவரக் கலத்தின் நீரழுத்தம் சுழியம், அமுக்க அழுத்தம் நேர்ப் பெறுமானம். நீட் வினாக்களில் ஊறிப்போன மாணவர் ஒருவர் "கலத்தின் அழுத்தம் அதிகரிக்கும்" என்று மட்டும் எழுதினார். எதனுடைய அதிகரிப்பைச் சொல்கிறார் என்று எனக்கே விளங்கவில்லை, புள்ளி போடவும் முடியவில்லை. பின்னர் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரு நிரலாகச் சொற்பட்டியல் ஒன்று எழுதத் தொடங்கினார். அது நாற்பது சொற்களைத் தாண்டிய அன்று நீட் தாள்களைக் கட்டி வைத்துவிட்டு, 2019ஆம் ஆண்டுத் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். பரீட்சைக்கு அப்போது ஒன்பது வாரம் இருந்தது.