வார்டோவா, ஹாமர்ஃபெஸ்ட்டா?

வட நார்வேயின் ஃபின்மார்க் கரையில் ஒரே ஓர் ஊரைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் எங்கே போவது? பலரும் ஹாமர்ஃபெஸ்ட் என்பார்கள். வரலாற்றுக்காகப் போகிறவர்களுக்கு நான் வார்டோவைத்தான் சொல்வேன்.

இரண்டுக்கும் நகர உரிமை கிடைத்தது ஒரே ஆண்டில், 1789-இல். இரண்டையும் வளர்த்தது மீன்தான். 1980-களிலும் 90-களிலும் ஈழத்தமிழர் பலர் ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் உழைத்திருக்கிறார்கள் என்பதால், இந்தக் கரை நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை.

பின்வாங்கிய ஜெர்மன் படை 1944-45 குளிர்காலத்தில் ஹாமர்ஃபெஸ்ட்டைக் கொளுத்தித் தரைமட்டமாக்கியது. மிஞ்சியது கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயம் ஒன்றுதான். ஆகவே இன்று அங்கே கண்ணில் படும் கட்டடங்கள் போருக்குப் பின் எழுந்தவை. அந்த மீட்சியைச் சொல்ல ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பூமியின் வடிவத்தை அறிய 19-ஆம் நூற்றாண்டில் கருங்கடல் கரைவரை அளந்தார்களே, ஸ்ட்ரூவ வளைவு, அதன் வடமுனைத் தூணும் இங்கேதான். 2007 முதல் மெல்கோயா தீவு ஆலையிலிருந்து திரவ எரிவாயு கப்பலேறுகிறது. ஊரில் பணம் புழங்குகிறது, மக்கள்தொகை சுமார் 11,000.

வார்டோவில் சுமார் 2,000 பேர்தான். அதுவும் சோவியத் குண்டுவீச்சில் பெரும்பகுதி அழிந்த ஊர். ஆனால் 1738-இல் கட்டி முடித்த நட்சத்திர வடிவக் கோட்டை தப்பியது. 1769 ஜூனில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் காண, டென்மார்க் மன்னரின் அழைப்பில் வியன்னாவிலிருந்து மாக்ஸிமிலியன் ஹெல் வந்ததும் இந்த ஊருக்குத்தான். அந்தக் கடப்பு ஐரோப்பாவில் இரவு நேரம்; ஜூனில் வார்டோவில் சூரியன் மறைவதே இல்லை.

என்றாலும் நான் வார்டோவைச் சொல்வதற்குக் காரணம் அங்குள்ள ஸ்டெய்ல்நெசெட் நினைவிடம். 1617 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், திடீர்ப் புயலில் 40 மீனவர்கள் மாண்டார்கள். புயலை ஏவியது சூனியக்காரிகள் என்று சில ஆண்டுகளில் பெண்களைப் பிடித்தார்கள். கைகாலைக் கட்டிக் கடலில் போட்டார்கள், மிதந்தால் குற்றவாளி. அந்த நூற்றாண்டில் ஃபின்மார்க்கில் கொல்லப்பட்டவர்கள் 91 பேர். பெரும்பாலும் பெண்கள், சாமி பழங்குடி ஆண்களும் உண்டு. அத்தனை சிறிய மக்கள்தொகையில் இது எவ்வளவு கொடூரம் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

2011-இல் அவர்களுக்கு நினைவிடம் எழுந்தது. பீட்டர் சும்தோர் அமைத்த 125 மீட்டர் நீளக் கூடத்தில் ஆளுக்கொரு சன்னல், ஒரு விளக்கு, வழக்கின் விவரம். பக்கத்துக் கண்ணாடி அறையில் லூயிஸ் பூர்ஷ்வா படைத்த, தீ எரியும் நாற்காலி. தன் ஊர் செய்த அநீதியை இவ்வளவு நேராக ஒப்புக்கொள்ளும் நினைவிடம் அபூர்வம்.

விமானம், விடுதி, கடை என்று வசதி பார்த்தால் ஹாமர்ஃபெஸ்ட் எளிது. குழந்தைகளோடு போகிறவர்கள் அதையே தேர்ந்தெடுக்கலாம். வார்டோ தீவு. 1980-களின் தொடக்கத்தில் திறந்த, நார்வேயின் முதல் கடலடிச் சாலைச் சுரங்கம் வழியாகக் காரில் போகலாம். பெர்கன்–கிர்கெனெஸ் கடலோரக் கப்பல் இரண்டு ஊர்களிலும் நிற்கும். ஆனால் வார்டோவில் அது நிற்கும் நேரத்தில் 91 பேரின் விவரத்தையும் படித்து முடிக்க முடியாது. இறங்கி ஓர் இரவாவது தங்குங்கள்.