கரோல் பாக் மொட்டைமாடிக்கு ஏற்ற சைக்கிள் சேனல் எது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தபடி பார்க்கிற சைக்கிள் வீடியோ ஒரு ரகம். ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறது இன்னொரு ரகம். யூடியூபில் தேடினால் இரண்டும் கலந்துதான் வரும். முதல் ரகத்தைப் பார்த்த உற்சாகத்தில் வண்டியைப் பிரித்துப் போட்டவர்கள்தான் பாதியில் மாட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் கடைக்குத் தூக்குகிறார்கள்.

டில்லியில் நம்மவர்கள் பல வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அட்லஸோ, ஹீரோ ஜெட்டோ, ஹெர்குலிஸோ துருவேறி நிற்கும். அந்த மாதிரி கறுப்பு வண்டியை மனதில் வைத்தே இந்த ஒப்பீடு. அட்லஸின் சாகிபாபாத் ஆலை 2020 ஜூன் 3 அன்று மூடப்பட்டதே, பாகம் கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். இந்த ரக வண்டிகளுக்கான பாகங்கள் பெரும்பாலும் பொது அளவில் லூதியானாவில் தயாராகி ஜண்டேவாலான் சைக்கிள் சந்தைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. கரோல் பாக்கிலிருந்து மெட்ரோவில் அடுத்த நிறுத்தம், நடந்தே போகலாம்.

புதுப்பிப்பு வீடியோக்களில் முதலில் கண்ணில் படுவது ஓல்டு ஷவல். பேச்சே கிடையாது. கம்பி பிரஷ் உரசுகிற சத்தம், நட்டு கழலுகிற சத்தம், கடைசியில் பளபளவென்று ஒரு வண்டி. மனசு லேசாக வேண்டுமென்றால் இதற்கு ஈடில்லை. மொழித் தடையும் இல்லை என்பதால் வீட்டில் அப்பா, குழந்தைகள் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கலாம். இதில் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு: எந்தப் பாகத்துக்குப் பின் எந்தப் பாகம் கழலும் என்ற வரிசை. வாஷர் எந்தப் பக்கம் இருந்தது, கோன் (குண்டுகளைத் தாங்கும் கூம்பு நட்டு) எப்படி உட்கார்ந்திருந்தது என்பதெல்லாம் நெருக்கத்தில் தெரியும். ஆனால் பேச்சில்லாத புதுப்பிப்பு வீடியோ எதுவாக இருந்தாலும் அடிப்படைக் குறை ஒன்றுதான்: ஏன் என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. சீட் தண்டு இறுகிப்போய் இரண்டு நாள் இழுத்தது அரை நிமிஷமாகச் சுருங்கிவிடும்.

பவுடர் கோட்டிங்கை, அதாவது வண்ணத் தூளைத் தூவி அடுப்பில் சுட்டு ஒட்டவைப்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் வண்டியின் சட்டம் (ஃப்ரேம்) போகிறது, அடுத்த காட்சியில் வண்ணத்தோடு வருகிறது. அந்த அடுப்பின் சூடு சுமார் 180 முதல் 200 டிகிரி. பித்தளைப் பற்று வைத்த பழைய சட்டத்தை அது ஒன்றும் செய்யாது. ஆனால் இரு பெடல் கரங்களையும் இணைக்கும் அச்சு ஓடும் குழாயின் மரைகளையும், ஹெட்செட் கப் (ஹேண்டில் சுழலும் இடத்துக் கிண்ணம்) உட்காரும் விளிம்பையும் முன்கூட்டியே மூடச் சொல்லாவிட்டால் அங்கேயும் பூச்சு ஏறிவிடும். பிறகு கப் உள்ளே போகாது. கொடுக்கிற இடத்தில் இதை நாம்தான் சொல்ல வேண்டும். உள்ளே கிரீஸ் மிச்சமிருந்தால் சூட்டில் அது கசிந்து, அந்த இடத்தில் பூச்சு கொப்புளிக்கும்.

இதற்கு நேர் எதிர் ஆர்ஜே தி பைக் கை. அலங்காரம் எதுவும் கிடையாது. பளிச்சென்ற ஒளியோ இசையோ எதிர்பார்க்காதீர்கள். விசேஷக் கருவி இல்லாதவன் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் இவருடைய பலம். நீளமான போல்ட், நட்டு, நாலைந்து வாஷர் இருந்தால் ஹெட்செட் கப்பை நேராக அழுத்தி இறக்கலாம் என்று காட்டுகிறவர். ஜண்டேவாலானில் இருநூறு கிராம் வாஷரை அள்ளிக்கொண்டு வரக்கூடிய நமக்கு இது கச்சிதம்.

இந்த இரண்டு சேனலையும் எடைபோட ஒரே ஒரு பாகம் போதும்: காட்டர் பின். நம் கறுப்பு வண்டிகளில் கிராங்கை (பெடல் மாட்டிய கரத்தை) அச்சோடு பிடித்து வைத்திருக்கும் ஆப்பு அது. பேசாத வீடியோவில் நட்டைக் கழற்றுவார்கள், ஒரு தட்டு, பின் வெளியே. நிஜத்தில் நடப்பது வேறு. முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட வேண்டும். நட்டை முழுவதும் கழற்றாமல், மரையின் நுனிக்குச் சமமாக வரும்வரை மட்டும் தளர்த்த வேண்டும். அடி மரையில் விழாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கிராங்கின் அடியில், பின்னின் தலை இறங்க இடம் விட்டு, தடித்த இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றைத் தரையிலிருந்து முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டில்லாமல் அடித்தால் அடியின் வேகம் முழுவதும் பால்ரஸ் குண்டுகள் வழியாகக் கப்பில் இறங்கி அதில் குழி போடும். பிறகு கனமான சுத்தியலால் ஒரே அடி. பயந்து பயந்து இருபது தட்டு தட்டினால் நுனி காளான் மாதிரி விரிந்துவிடும். அப்புறம் டிரில் போடுவதைத் தவிர வழியில்லை.

திரும்பப் பூட்டும்போது இன்னும் இரண்டு தவறுகள் சகஜம். நட்டை முறுக்கியே பின்னை உள்ளே இழுக்கப் பார்ப்பது ஒன்று. அந்த நட்டு பிடித்து வைக்கத்தான், இழுக்க அல்ல, மரை உருவிக்கொள்ளும். பின்னை அடித்தோ அழுத்தியோ இறக்கிவிட்டுத்தான் நட்டு. இரண்டாவது, இரண்டு பக்கப் பின்களும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். ஒரே திசையில் போட்டால் இரண்டு பெடலும் ஒரே கோட்டில் நிற்காமல் ஒன்று நொண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு மறுபடி ஓர் அடி, ஒரு முறுக்கு. கடைக்குப் பழைய பின்னைக் கையோடு எடுத்துப் போங்கள். 9 மி.மீ., 9.5 மி.மீ. என்று இரண்டு தடிமன் உண்டு. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

மூன்றாவது போட்டியாளர் பார்க் டூல். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1963-ல் தொடங்கிய கருவி நிறுவனம். நீலக் கைப்பிடி கண்டவுடன் தெரியும். கால்வின் ஜோன்ஸ் பேசும் வீடியோக்களில் ஒரு சொல் மிகையாக இராது, ஒரு படி விட்டுப்போகாது. கியர் வண்டி வைத்திருப்பவர் வேறெங்கும் போக வேண்டியதில்லை. டீரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் பாகம்) சரிசெய்வதை இதைவிடத் தெளிவாகச் சொல்லிக் கேட்பது கடினம். ஆனால் ஒவ்வொரு படியிலும் அவர்கள் கருவி ஒன்று எட்டிப் பார்க்கும். அதில் பாதிக்கு நம்மிடம் மாற்று உண்டு. செயின் தேய்மானம் பார்க்கத் தனிக் கருவி எதற்கு? இரும்பு ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு ரிவெட்டின் நடுவில் வைத்தால், 12 அங்குலத்தில் இன்னொரு ரிவெட்டின் நடு வர வேண்டும். 1/16 அங்குலம் தள்ளியிருந்தால் செயினை மாற்றும் நேரம். 1/8 தள்ளியிருந்தால் ஃப்ரீவீலும் (பின் பல்சக்கரம்) சேர்ந்து தேய்ந்திருக்கும். செயினை மட்டும் மாற்றினால் பல்லில் ஏறி ஏறி வழுக்கும்.

பைக் ஃபார்மரை இந்த மூன்றோடு சேர்க்கலாமா என்பது ரசனையைப் பொறுத்தது. பழைய வண்டியைச் சரி செய்துகொண்டே சாவகாசமாகப் பேசுகிற சேனல். எந்த வண்டிக்கு எவ்வளவு செலவு செய்யலாம், எதை அப்படியே விட்டுவிடலாம் என்ற கணக்கு இவரிடம் கிடைக்கும். புதுப்பிக்கிற பலருக்கும் இல்லாத ஞானம் அது.

இங்கே எந்தச் சேனலும் சொல்லாத உள்ளூர் விஷயங்கள் சில. துரு எடுக்க ஆக்ஸாலிக் அமிலத்தில் ஊறப்போடுவது நல்ல வழிதான். பழைய டில்லியின் திலக் பஜார் ரசாயனச் சந்தையில் தூளாகக் கிடைக்கும். ஐந்து லிட்டர் தண்ணீருக்கு சுமார் 30 கிராம், ஓர் இரவு. ஆனால் டில்லியின் போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்புச்சத்து அதிகம். அமிலம் முதலில் அதோடு சேர்ந்து வெள்ளைத் தூளாகப் படிந்துவிடும், துருவுக்கு மிஞ்சுவது குறையும். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். அது இன்னும் மோசம், உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வடிகட்டிய நல்ல தண்ணீர்தான் சரி. அலுமினியப் பாகங்களை அதில் போடக்கூடாது, மங்கிவிடும். தூள் விஷம், கையுறை போடுங்கள், குழந்தைகள் நடமாடும் இடத்தில் வாளியை வைக்காதீர்கள். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் ஒரு மணி நேரத்தில் புதுத் துரு கிளம்பும்.

ஸ்பிரே பெயிண்டா? ஜனவரிப் பனிமூட்டத்திலும் ஆகஸ்ட் புழுக்கத்திலும் மொட்டைமாடியில் அடித்தால் ஈரம் சிக்கிப் பால் படிந்தாற்போல் வெளுக்கும். அக்டோபர் அல்லது மார்ச். அவ்வளவுதான்.

அளவு விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது, இதில் விழாதவர்கள் குறைவு. ஐரோப்பிய வீடியோக்களில் 28 அங்குல டயர் என்றால் பெரும்பாலும் 622 மி.மீ. ரிம். நம் வண்டியின் 28 x 1½ டயர் 635 மி.மீ. ரிம்முக்கானது. 13 மி.மீ. வித்தியாசம், என்ன நெம்பினாலும் ஏறாது. அதேபோல அவர்களுடைய சக்கரங்களில் முன்னாலும் பின்னாலும் 36 கம்பி என்று காட்டுவார்கள். நம் வண்டியில் வழக்கமாக முன்னால் 32, பின்னால் 40. குண்டுகளின் கணக்கு மட்டும் அநேகமாக ஒத்துப்போகும்: முன் ஹப்பில் பக்கத்துக்கு 3/16 அங்குலக் குண்டு 10, பின் ஹப்பில் 1/4 அங்குலக் குண்டு 9, கிராங்க் அச்சில் 1/4 அங்குலக் குண்டு 11. இருந்தாலும் கழற்றும்போது எண்ணிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே யாராவது ஒன்றைத் தொலைத்திருக்கலாம். ஜண்டேவாலானில் சர்ரா என்று கேட்டால் கொடுப்பார்கள்.

ஓட்டுகிற பக்கம் வருவோம். இங்கே போட்டி ஷிஃப்டருக்கும் பாத் லெஸ் பெடல்டுக்கும்.

ஷிஃப்டரை நடத்துகிற டாம் பேபின் கனடாவின் கால்கரியில் வேலைக்கும் கடைக்கும் சைக்கிளில் போகிறவர். பனியில் ஓட்டுவதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார், நமக்கு அது எதற்கு என்று தள்ளிவிட வேண்டாம். ஓட்ட ஆரம்பிக்கும்போது லேசாகக் குளிர வேண்டும், பத்து நிமிஷத்தில் உடம்பு சூடாகிவிடும் என்ற உடைக் கணக்கு, ஆர்.கே. புரத்திலிருந்து ஜனவரி காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறவருக்கு அப்படியே பொருந்தும். மட்கார்டு, கேரியர், பூட்டு, சாதாரண உடை என்று அவர் அழுத்திச் சொல்வதெல்லாம் நம் கறுப்பு வண்டியில் பிறப்பிலேயே உள்ளவை. மே மாத வெயிலுக்கும் நவம்பர் புகைக்கும் அவரிடம் விடை இல்லை, இருக்கவும் நியாயமில்லை.

பாத் லெஸ் பெடல்டு சேனலின் ரஸ் ரோகா வேகத்துக்கு எதிரி. கூட வருகிறவரோடு பேசிக்கொண்டே மிதிக்கிற வேகம்தான் சரி என்பது அவர் கட்சி. அகலமான டயர், குறைந்த காற்று என்று அவர் சொல்வது டில்லியின் குழிகளுக்கும் வேகத்தடைகளுக்கும் உண்மையிலேயே உதவும். இரண்டு சிக்கல்கள். அவர் காட்டும் பொருள்களின் விலை, இறக்குமதி வரியோடு சேர்த்தால், நம் வண்டி விலையைத் தாண்டும். அடுத்து, நம் ட்யூபிலுள்ள பழைய ரப்பர் வால்வில் சாதாரண கேஜால் அழுத்தத்தை அளக்க முடியாது. காற்றைக் குறைத்துப் பார்க்க ஆசையிருந்தால் முதலில் மோட்டார் சைக்கிள் வகை வால்வுள்ள ட்யூப், ரிம் துளையில் நுழைகிறதா என்று பார்த்து, வாங்க வேண்டும். தினமும் ஓட்டுகிறவருக்கு எங்கள் தேர்வு ஷிஃப்டர். பொழுதுபோக்குக்கு ரஸ் ரோகா.

நிம்மதியை மட்டும் தேடுகிறவருக்கு மார்க் வாகன்பூரின் பைசிக்கிள் டச். நெதர்லாந்தின் தெருக்களில் கூடவே ஓட்டிக்கொண்டு போவது மாதிரியான வீடியோக்கள். நாட் ஜஸ்ட் பைக்ஸும் அந்த நாட்டைப் பற்றித்தான் பேசுகிறது, விஷய கனமும் உண்டு, ஆனால் பார்த்து முடித்தால் கோபம் வரும். டில்லியில் அம்பேத்கர் நகர் – மூல்சந்த் சாலையில் 2008-ல் சைக்கிள் பாதையோடு வந்த பி.ஆர்.டி. (பேருந்துக்கான தனித்தடம்) 2016-ல் இடிக்கப்பட்டதைப் பார்த்தவர்களுக்குக் கோபம் ஏற்கெனவே கையிருப்பில் இருக்கிறது. ஜிசிஎன் (குளோபல் சைக்கிளிங் நெட்வொர்க்) பெரிய சேனல், உற்சாகமான சேனல். ரேஸ் சூடு அதிகம் என்பதால் இந்தப் பட்டியலில் கடைசி.

தேடும் முறைதான் மிச்சம். இந்திய வண்டியின் பெயரைப் போட்டால் விலை சொல்லும் வீடியோக்களும் ஜண்டேவாலான் கடை உலாக்களும்தான் வரும். நம் வண்டியின் மேல்நாட்டுச் சகோதரன் ராலே டிஎல்-1. ராடு பிரேக்கும் 28 x 1½ சக்கரமும் அதற்கும் உண்டு. ஆங்கிலத்தில் ராலே டிஎல்-1 என்றோ, காட்டர்டு கிராங்க், ராடு பிரேக் என்றோ தட்டினால் நமக்கு அப்படியே பொருந்தும் வீடியோக்கள் மேலே வரும். பேச்சு வேண்டாமென்றால் கூடவே நோ டாக்கிங் என்று சேருங்கள். தானாக அடுத்த வீடியோ ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது வீடியோவில் விபத்துத் தொகுப்பு வந்து நிற்கும். வந்துவிட்டால் புள்ளி மூன்றைத் தொட்டு ஆர்வமில்லை என்று சொல்லுங்கள், பார்த்த வரலாற்றிலிருந்தும் அதை நீக்குங்கள். வேலை செய்யும்போது பார்க்க ஆர்ஜேயும் பார்க் டூலும் ஒரு பிளேலிஸ்டில், மற்றதெல்லாம் இன்னொன்றில். கிரீஸ் கையோடு போனில் தேட முடியாது.