விண்டோஸ் வருவதற்குள் ரீஸ்டார்ட்: பத்தாண்டு ஓடிய ஒரு டெஸ்க்டாப்பின் அனுபவம்

நான்காம் தலைமுறை ஐ5 பிராசசர், எச்81 மதர்போர்டு, நான்கு ஜிபி ரேம் இரண்டு, ஒரு டிபி ஹார்டு டிஸ்க், கணினிக்கு மின்சாரம் தரும் 450 வாட் எஸ்எம்பிஎஸ் பெட்டி என்று 2014இல் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்திய டெஸ்க்டாப் ஒன்றைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் புத்தகப் பக்க வடிவமைப்புக்குப் பயன்படுத்தி வருகிறேன். இடையில் எஸ்எஸ்டி ஒன்றைச் சேர்த்த பிறகு வேகத்தைப் பற்றிக் குறை சொல்ல ஏதுமில்லை. இந்தக் கணினி கொடுத்த தொல்லையெல்லாம் ஒரே வகையானது: ஆன் செய்ததும், வேலை தொடங்கும் நிலைக்கு வருவதற்குள், தானாக ரீஸ்டார்ட் ஆவது. வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு காரணங்களால் வந்தபோதும் அந்தத் தொல்லை பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தது. அதனால்தான் சர்வீஸ் கடைகளில் ஒவ்வொரு முறையும் ஒரே மருந்தைச் சொன்னார்கள்: ஃபார்மட் போட்டு விண்டோஸை மறுபடி ஏற்றிவிடலாம்.

என் அனுபவத்தில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. முதலில் பார்க்க வேண்டியது, ரீஸ்டார்ட் எந்தக் கட்டத்தில் நிகழ்கிறது என்பதுதான். மதர்போர்டு நிறுவனத்தின் சின்னம் தோன்றும் முன்பா, விண்டோஸ் சின்னத்துக்குக் கீழே புள்ளிகள் சுழலும்போதா, பாஸ்வேர்டு கொடுத்து டெஸ்க்டாப் வந்த பிறகா? இதைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. ஆன் செய்தவுடன் டெலீட் விசையை அழுத்தி, விண்டோஸுக்கு முன்பே இயங்கும் மதர்போர்டின் அடிப்படை நிரலான பயாஸின் திரைக்குள் சென்று, எதையும் மாற்றாமல் அப்படியே கால் மணி நேரம் விட்டுவிட வேண்டும். அங்கேயும் கணினி ரீஸ்டார்ட் ஆனால், இன்னும் ஏற்றப்படவே இல்லாத விண்டோஸைக் குறை சொல்வதில் பொருளில்லை. மின்சாரம், சூடு, ரேம், மதர்போர்டு ஆகியவற்றில் ஒன்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். கேபினட்டின் முன்பக்க ரீசெட் பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டாலும் இப்படி நடக்கும் என்பதால், அந்தப் பொத்தானின் ஒயரை மதர்போர்டிலிருந்து கழற்றிவிட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

விண்டோஸ் 10 இதில் ஒரு குழப்பத்தைச் சேர்க்கிறது. பூட், அதாவது விண்டோஸ் ஏறும் வேலை, தொடர்ந்து இரண்டு முறை பாதியில் நின்றால், அடுத்த முறை அது தானாகவே பழுதுநீக்கும் திரைக்குப் போய்விடும். பூட் நின்றதற்குக் காரணம் மின்தடையா, மென்பொருள் கோளாறா என்று அதற்குத் தெரியாது. கணினி சரியாகத் தொடங்கவில்லை என்ற வாசகத்தை அந்த நீலத் திரையில் படிப்பவர், கெட்டுப்போனது விண்டோஸ்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார். ஃபார்மட் யோசனை பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கிறது.

இந்தக் கணினிக்கு முதலில் வந்தது விண்டோஸ் 7 காலத்துப் பிரச்சினை. சின்னம் தோன்றும், கண்ணிமைக்கும் நேரம் நீலத் திரை மின்னும், மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கும். மின்னி மறையும் அந்தத் திரையில்தான் காரணம் எழுதியிருக்கிறது. அதைப் படிக்கவிடாமல் செய்வது, பிழை நேர்ந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி விண்டோஸில் முன்கூட்டியே வைக்கப்பட்டுள்ள அமைப்பு. எஃப்8 விசையை அழுத்தி வரும் பட்டியலில் அதை நிறுத்தியதும் திரை நிலையாக நின்று, பூட் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்பதற்கான 7பி என்ற பிழை எண்ணைக் காட்டியது. டிஸ்க்கில் கோளாறு இல்லை. பயாஸில் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது; அதாவது, மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்து, பயாஸ் அமைப்புகள் அனைத்தும் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தன. டிஸ்க்கை அணுக ஐடிஇ என்ற பழைய முறையும் ஏஎச்சிஐ என்ற புதிய முறையும் உண்டு. கடையில் ஐடிஇ முறையில் விண்டோஸ் ஏற்றியிருந்தார்கள். பயாஸோ தன் இயல்பான ஏஎச்சிஐ முறைக்குப் போய்விட்டது. அந்த ஒரு வரியைத் திருத்தி, பேட்டரியையும் மாற்றியதோடு சரியாயிற்று. இரவில் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடும் வழக்கமுள்ள வீடுகளில் இந்தப் பேட்டரி இன்னும் சீக்கிரம் தீரும், ஏனெனில் மின்சாரம் இல்லாத நேரமெல்லாம் உள்கடிகாரத்தை ஓட்டுவது அதுதான்.

ரேம் கோளாறைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் வெவ்வேறு பிழைப்பெயர் வந்தால் முதலில் ரேமைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரு ரேமைக் கழற்றிவிட்டு மற்றொன்றோடு ஓட்டி, பிறகு மாற்றி ஓட்டியதில் எது பழுது என்று தெரிந்தது. மெம்டெஸ்ட்86 நிரலை பென் டிரைவிலிருந்து ஓட்டி உறுதி செய்துகொண்டேன். பொன்னிற முனைகளை அழிரப்பரால் தேய்க்கும் வைத்தியம் அழுக்குக்கு மட்டுமே உதவும், சிப் பழுதுக்கு உதவாது.

நெடுநாள் இழுத்தடித்தது எஸ்எம்பிஎஸ்தான். அதன் அடையாளம் விசித்திரமாக இருந்தது. காலையில் முதன்முறை ஆன் செய்யும்போது சின்னம் வரும் முன்பே அணைந்து மறுபடி தொடங்கும். சில சுற்றுகளுக்குப் பிறகு தானாகவே சரியாகி, மாலைவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடும். நடந்தவற்றைப் பதிந்து காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில், முறையாக அணையாமல் ரீஸ்டார்ட் ஆனதைக் குறிக்கும் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு இருந்தது. அதன் விவரத்தில் பிழைக்குறியீடு இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். நீலத் திரை வரும்போது விண்டோஸ் எழுதிவைக்கும் மினிடம்ப் கோப்பும் எழுதப்படவில்லை. விண்டோஸ் விழுந்திருந்தால் பொதுவாக ஏதாவது தடயம் விட்டிருக்கும். இங்கே அதற்கு முன்பே மின்சாரம் கைவிட்டிருக்கிறது.

எஸ்எம்பிஎஸ் தன் மின்னழுத்தங்கள் நிலைபெற்றதும், சாம்பல் நிற ஒயர் வழியாக மதர்போர்டுக்கு ஐந்து வோல்ட் சமிக்ஞை ஒன்றை அனுப்பும்; அது வந்த பிறகே பிராசசர் இயங்கத் தொடங்கும், நடுவில் அது விலகினால் மதர்போர்டு உடனே ரீசெட் ஆகிவிடும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் பழசாகிப்போனால், அவற்றின் உள்மின்தடை குளிர்ந்திருக்கும்போது இன்னும் அதிகமாக இருக்கும், சூடேறியதும் குறையும். ஹார்டு டிஸ்க்கின் மோட்டார் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட் இணைப்பில் மட்டும் ஏறக்குறைய இரண்டு ஆம்பியர் இழுக்கும். அந்தச் சுமை, குளிர்ந்து கிடக்கும் பழைய கெபாசிட்டர்கள்மேல் ஆன் செய்த கணத்திலேயே விழுகிறது; மின்னழுத்தம் சரிந்து அந்தச் சமிக்ஞை விலகுகிறது. காலைத் தொல்லை மாலையில் காணாமல் போனதன் காரணம் இதுதான்.

மல்டிமீட்டரை மஞ்சள் ஒயரில் வைத்துப் பார்த்தபோது 11.7 வோல்ட் காட்டியது. ஐந்து சதவீத ஏற்ற இறக்கம் அனுமதிக்கப்பட்டிருப்பதால் 11.4 வரை தேறும் அளவுதான் அது. ஆனால் மில்லி நொடிகளில் விழுந்து எழும் மின்னழுத்தத்தைச் சாதாரண மீட்டர் காட்டாது என்பதால், அந்த எண்ணை நம்பி எஸ்எம்பிஎஸ் நல்லது என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் செய்யக்கூடிய நம்பகமான சோதனை, நன்றாக ஓடும் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி மறுநாள் காலை பார்ப்பதே. நண்பரிடம் வாங்கி மாட்டினேன், தொல்லை நின்றது. பழையதன் காற்றோட்டத் துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்ததில், உட்புறக் கெபாசிட்டர் ஒன்றின் தட்டையான தலை உப்பி, விளிம்பில் பழுப்பு நிறக் கசிவு காய்ந்து போயிருந்தது. பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை யாருக்கும் வர வேண்டாம்: 230 வோல்ட் மின்சாரம் உள்ளே ஏறக்குறைய 325 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாறித் தேங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் இருக்கும்.

யுபிஎஸ் இருந்தும் மின்தடை வரும்போதெல்லாம் கணினி ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்ததும் அதே எஸ்எம்பிஎஸ்ஸோடு போயிற்று. சாதாரண யுபிஎஸ் பேட்டரிக்கு மாற எடுத்துக்கொள்ளும் சில மில்லி நொடிகளை எஸ்எம்பிஎஸ்ஸின் கெபாசிட்டர்கள்தான் தாங்க வேண்டும். யுபிஎஸ் பேட்டரியை வீணாக மாற்றுவதற்கு முன் இதையும் யோசிக்கலாம்.

இந்த பிராசசரில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. ஆகவே இணைய இணைப்பைத் துண்டித்து, ஸ்கேனருக்கும் அச்சுக்குப் போகும் கோப்புகளுக்கும் மட்டும் இதை வைத்திருக்கிறேன். மற்ற வேலைகளுக்குப் புதிய மடிக்கணினி. அதில் டிஸ்க் முழுவதும் விண்டோஸின் மறைகுறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருப்பதால், பூட் சிக்கல் வந்து பழுதுநீக்கும் திரையிலிருந்து, அத்தியாவசிய நிரல்களோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் சேஃப் மோடுக்குப் போக முயன்றால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான புதுப்பிப்பால் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பூட் ஆக முடியாமல் விழுந்தபோது, சேஃப் மோடில் ஒரு கோப்பை அழித்தால் போதும் என்ற நிலையிலும், பல அலுவலகங்களில் வேலை தாமதமானதற்கு அந்த எண்ணைத் தேட வேண்டியிருந்ததும் ஒரு காரணம். மடிக்கணினி வாங்கிய அன்றே அந்த எண்ணைத் தாளில் அச்சிட்டு, பில்லுடன் கோப்பில் வைத்துவிட்டேன்.