சவ்வில் அழுக்கு ஒட்டாமலிருக்க: கலப்பதா, பூசுவதா, முளைக்க வைப்பதா?

வடிகட்டிச் சவ்வுகளில் அதிகம் புழங்கும் பி.வி.டி.எஃப்., பி.இ.எஸ். என்ற பிளாஸ்டிக்குகள் இரண்டும் உறுதியானவை, குளோரினையும் ஓரளவு தாங்குபவை. ஆனால் தண்ணீரோடு அவ்வளவாக ஒட்டாதவை. தண்ணீரை விட்டு ஒதுங்க இடம் தேடும் புரதத்துக்கும் எண்ணெய்க்கும் அதுவே வசதியாகிவிடுகிறது. சவ்வின் மேல் நீர்விரும்பி பாலிமர் ஒன்று இருந்து, தண்ணீரை இறுகப் பிடித்துக்கொண்டால் நிலைமை மாறும். ஒட்ட வரும் புரதம் முதலில் அந்தத் தண்ணீரை நகர்த்தியாக வேண்டும். அது எளிதில் நடப்பதில்லை. அந்தப் பாலிமரை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதில்தான் மூன்று வழிகளும் பிரிகின்றன.

பூசுவது எளிது. கடல் மட்டிகள் பாறையில் ஒட்டும் விதத்தைப் பார்த்து 2007-இல் வெளிவந்த பாலிடோபமைன் பூச்சுக்கு, pH 8.5 அளவில் டோபமைன் கரைசலும் காற்றும் போதும். வெள்ளைச் சவ்வு கண்ணெதிரே பழுப்பாகும். எதுவும் ஒட்டாத டெஃப்லானில்கூட இது பிடிக்கும். ஏற்கெனவே கட்டி முடித்த மாட்யூலுக்குள்ளும் (சவ்வுகளை உள்ளே அடுக்கிய உறை) கரைசலைச் சுற்றவிட்டுப் பூசலாம், வேறு வழிகளில் இது கடினம். சிக்கல் கழுவும்போது வருகிறது. வீரியமான காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் கரைசல் பழுப்பாகிறது. பூச்சு கரைந்து வெளியேறுகிறது என்று அர்த்தம். துளையுள்ள சவ்வில் பூச்சு துளைவாயையும் குறுக்கும். உப்பையும் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வில் அந்தக் கவலை குறைவு, அங்கே அடைபட அப்படிப்பட்ட துளைகள் இல்லை. பாலிவினைல் ஆல்கஹாலை மெல்லியதாகப் பூசினால் அச்சவ்வின் கரடுமுரடான பாலிஅமைடு பரப்பு வழவழப்பாகும், அதன் மின்னூட்டமும் தணியும்.

முளைக்க வைப்பது, அதாவது கிராஃப்டிங், ஆய்வகத்தில் மிக அழகாக வேலை செய்கிறது. சவ்வின் பரப்பிலிருந்தே வளரும் பாலிமர் சங்கிலிகள் வேதிப்பிணைப்பால் வேரூன்றி நிற்பதால் வெறும் பூச்சைப் போலக் கழன்றுவிடுவதில்லை. பி.இ.எஸ். தானே புற ஊதா ஒளியை உறிஞ்சி வினையைத் தொடங்கிவிடும். ஆனால் அதே ஒளி சவ்வின் சொந்தச் சங்கிலிகளையும் அறுத்துத் துளைகளைப் பெரிதாக்கக்கூடும். நெருக்கமாகக் கட்டிய குழல்கற்றைக்குள் ஒளி போகவும் போகாது. சங்கிலி நீளத்தைத் துல்லியமாக அடக்கியாளும் ஏ.டி.ஆர்.பி. முறைக்கு ஆக்சிஜனை விலக்க வேண்டும், வழக்கமாகத் தாமிர வினையூக்கியும் வேண்டும். மீட்டர் கணக்கில் ஓடும் சவ்வுச் சுருளுக்கு இது பெரும் சுமை.

கலப்பதற்குத்தான் என் ஓட்டு, குறைந்தது யு.எஃப். (அல்ட்ராஃபில்ட்ரேஷன்) எனும் நுண்துளைச் சவ்வுகளுக்கு. ஒரு பகுதி நீர்விரும்பி, மறுபகுதி நீர்வெறுப்பி என்று அமைந்த சீப்பு வடிவப் பாலிமரைச் சவ்வு வார்க்கும் கரைசலிலேயே சேர்த்துவிடுவார்கள். வார்த்த படலம் நீர்த்தொட்டியில் இறங்கி உறையும்போது நீர்விரும்பிப் பற்கள் தாமாகவே தண்ணீர்ப் பக்கம் திரும்பும்; தண்டு சவ்வுக்குள் புதைந்து பிடித்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் துளைச்சுவர்கள் வரை பாதுகாப்பு கிடைக்கிறது. தனிப் பட்டறை வேலை கிடையாது. தண்ணீரில் கரையும் பி.வி.பி. பாலிமரை வெறுமனே கலந்தால் அது நாளடைவில் கசிந்து வெளியேறும், ஆகவே மலிவு என்று அதோடு நின்றுவிடக் கூடாது.

எந்தப் பாலிமர் என்ற கேள்வியில் பி.இ.ஜி.யும் (பாலிஎத்திலீன் கிளைகால்), இருவகை மின்னூட்டமும் கொண்ட இருமின் பாலிமர்களும் நேரெதிர் நிற்கின்றன. பி.இ.ஜி. ஹைட்ரஜன் பிணைப்பால் தண்ணீரைப் பிடிக்கிறது. நாள்போக்கில் ஆக்சிஜனேற்றத்தால் சிதைகிறது. சல்ஃபோபீட்டெய்ன் போன்ற இருமின் பாலிமர்களில் நேர், எதிர் மின்னூட்டங்கள் ஒரே கிளையில் இருப்பதால் பிடி இன்னும் இறுக்கம். உப்புநீரில் அவற்றின் சங்கிலிகள் நன்றாக விரிந்துகொள்ளவும் செய்யும்.

இவற்றை ஒப்பிடும் சோதனைகளில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே அழுத்தத்தில் ஓட்டினால், பூச்சால் ஏற்கெனவே பாய்வு குறைந்த சவ்வு தன்னை நோக்கி அழுக்கையும் குறைவாகவே இழுக்கும். அதனால் பாய்வு மெதுவாகச் சரிவதுபோல் வரைபடத்தில் தெரியும், அதைப் பாலிமரின் வெற்றி என்று எழுதிவிடுகிறார்கள். இரு சவ்வுகளையும் ஒரே பாய்வில் ஓட்டி, அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதே நியாயம். பூச்சில்லாத சவ்வையே சற்றுச் சிறிய துளையோடு எடுத்துப் பக்கத்தில் வைத்தும் சோதிக்க வேண்டும். மாட்டுப் புரதக் கரைசலில் ஒருமுறை ஓட்டி முடித்த சோதனையைக் கொண்டு ஒரு சவ்வை வாங்கக் கூடாது. ஹைப்போகுளோரைட்டிலும் காஸ்டிக்கிலும் பலமுறை கழுவிய பிறகு எடுத்த அளவைக் கேளுங்கள்.

கால்சியம் கார்பனேட், சிலிக்கா போன்ற உப்புப்படிவை இந்த மூன்று வழிகளில் எதையும் நம்பி விட முடியாது. அதற்கு முன்சுத்திகரிப்பும், படிவைத் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட் மருந்தும் வேண்டும்.