மஞ்சள் கிழங்கின் மாவுத்துகளை அளக்க ஃபிஜி மென்பொருள்: நான்கு வருட அனுபவம்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். எங்கள் ஆய்வகத்தில் இருப்பது மாணவர் மைக்ராஸ்கோப், அதில் மாட்டிய யூஎஸ்பி கேமரா, 4 ஜிபி ரேம் கொண்ட பழைய லேப்டாப். இவற்றோடு நான்கு வருடமாக, படங்களில் இருப்பதை அளக்கவும் எண்ணவும் உதவும் ஃபிஜி மென்பொருளில் வேலை செய்கிறோம். வேறு எதற்கும் மாறத் தோன்றவில்லை.

வேய்ன் ராஸ்பண்ட் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்தபோது உருவாக்கிய இமேஜ்ஜே என்ற பட ஆய்வு மென்பொருள்தான் இதன் அடித்தளம். உயிரியலுக்கு வேண்டிய பிளக்-இன்களை (கூடுதல் கருவிகளை) அதனுடன் சேர்த்துத் தருவது ஃபிஜி. இலவசம். ஜிப் கோப்பை விரித்தால் போதும், இன்ஸ்டால் செய்யவே வேண்டாம். எங்கள் லேப்டாப்பிலும் திணறாமல் ஓடுகிறது.

முதல் வருடமே ஒரு பாடம் கிடைத்தது. ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் என்பது அளவுகோல் பொறித்த கண்ணாடி ஸ்லைடு; அதில் 1 மில்லிமீட்டர் நீளம் 100 பிரிவுகளாகப் பிரிந்திருக்கும். ஒரு பிரிவு 10 மைக்ரான். அதைப் படமெடுத்து, கோடு இழுத்து, 'செட் ஸ்கேல்' கொடுத்தால் பிக்சல் மைக்ரானாக மாறும். அங்கே 'குளோபல்' என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதை டிக் செய்தால் திறந்திருக்கும் எல்லாப் படங்களுக்கும் அதே அளவுதான். 40 எக்ஸ் லென்ஸுக்குக் கொடுத்த அளவு, 10 எக்ஸ் படங்களுக்கும் போய்விட்டது. "ஏனுங் மேடம், நேத்து 40 மைக்ரான் வந்த இலைத்துளை இன்னைக்கு 10 காட்டுதுங்" என்று ஒரு மாணவி வந்து நின்றபோதுதான் தெரிந்தது. மூன்று வார அளவுகளை மறுபடி எடுத்தோம். மூலப் படங்களை டிஃப் கோப்பாக வைத்திருந்ததால் தப்பித்தோம். இப்போது கோப்பின் பெயரிலேயே லென்ஸ் எண்ணை எழுதிவிடுகிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தது துகள் எண்ணும் வேலை. பச்சை மஞ்சள் கிழங்கைச் சுரண்டி, ஒரு சொட்டு அயோடின் விட்டால் மாவுத்துகள்கள் கருநீலமாகும். படத்தை 8 பிட் கருப்பு-வெள்ளையாக்கி, துகளையும் பின்னணியையும் பிரிக்கும் நிற எல்லையான 'திரெஷோல்ட்' வைத்து, 'அனலைஸ் பார்ட்டிகிள்ஸ்' கொடுத்தால் எண்ணிக்கையும் பரப்பும் அட்டவணையாக வந்துவிடும். ஒட்டிக்கிடக்கும் துகள்களைப் பிரிக்க 'வாட்டர்ஷெட்' இருக்கிறது. உருண்டைத் துகளுக்கு அது அருமை. ஆனால் மஞ்சளின் நீளவாட்டுத் துகளை நடுவில் வெட்டி இரண்டாக எண்ணிவிடுகிறது. ஒவ்வொரு படத்தையும் கண்ணால் ஒருமுறை சரிபார்க்காமல் எண்ணை நம்ப மாட்டேன்.

மூலக்கூறு பாடத்துக்கு, மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் கைமெராஎக்ஸ் மென்பொருள். கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம்தான், ஆனால் எங்கள் லேப்டாப்பில் மூச்சு வாங்குகிறது. வீட்டுக் கணினியில் புரத அமைப்புத் தரவுத்தளத்தில் 2எச்பிஎஸ் என்ற எண்ணில் இருக்கும் அரிவாள் செல் ஹீமோகுளோபினைத் திறந்து, பீட்டா சங்கிலியின் 6-ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் என்ற அமினோ அமிலம் உட்கார்ந்திருப்பதைப் படமெடுத்து வந்து காட்டுகிறேன்.

இந்த அறுவடைக்கு வேகவைத்த விரலியை எடுத்தோம். வெந்த மஞ்சளில் மாவு கூழாகித் துகள்கள் வடிவிழந்து பிசினாக ஒட்டிக்கொள்கின்றன; எந்தத் திரெஷோல்ட் வைத்தாலும் ஒரே திட்டாகத்தான் வருகிறது. அந்தப் படங்களை மட்டும் மாணவர்களும் நானும் உட்கார்ந்து, திட்டுகளின் ஓரத்தைக் கையால் வரைந்து பரப்பை எடுத்துக்கொண்டிருக்கிறோம். இன்னும் பாதிப் படங்கள் மீதி.