சிட்ஸ் பாத் டப்: சேலம் கடைகளில் கிடைப்பதில் எது பிரசவத் தையலுக்கு ஆகும்?

"சுகப்பிரசவம்தான், ஆனா தையல் போட்டிருக்கு." தலைச்சன் பிள்ளை பிறந்த வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. வீட்டுக்கு அனுப்பும்போது "ஒரு டப் வாங்கி வெந்நீர்ல உக்காருங்க" என்று நர்ஸ் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு புருஷனோ மாமியாரோ சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைப் பக்கத்து சர்ஜிக்கல் கடையில் போய் நின்றால், எதை எடுப்பது என்று தெரியாது. அட்டையில் 'பைல்ஸ்' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துத் தயங்கித் திரும்புகிறவர்களும் உண்டு. தயங்க வேண்டாம். மூலத்துக்கும் பிரசவத் தையலுக்கும் விற்பது ஒரே டப்தான். இடுப்புக்குக் கீழே மட்டும் வெந்நீரில் நனைய உட்காருவதுதான் சிட்ஸ் பாத்.

வாங்கும் முன் டிஸ்சார்ஜ் சீட்டை ஒரு தடவை பாருங்கள். பிள்ளை வெளியே வரும்போது பிறப்புறுப்பு வாயில் தோல் மட்டும் கிழிந்திருந்தால் முதல் டிகிரி, உள்ளே தசையும் கிழிந்திருந்தால் இரண்டாவது. எபிசியாட்டமி என்பது டாக்டரே போடுகிற வெட்டு. ஆழத்தில் அது இரண்டாவது டிகிரிக்குச் சமம். கீழே எழுதியிருப்பதெல்லாம் இவற்றுக்குப் பொருந்தும். மூன்றாவது, நான்காவது டிகிரி என்று எழுதியிருந்தால் கிழிசல் ஆசனவாயை இறுக்கிப் பிடிக்கும் தசை வரை போயிருக்கிறது. அவர்கள் தையல் போட்ட டாக்டர் சொல்கிறபடி மட்டும் நடக்க வேண்டும். கடைக்காரர் பேச்சும் வேண்டாம், இந்தக் கட்டுரையும் வேண்டாம்.

கடைகளில் பொதுவாக மூன்று வகை இருக்கும். வெஸ்டர்ன் கமோடின் மேல் வைக்கிற கெட்டி பிளாஸ்டிக் டப், மடக்கி வைக்கிற ரப்பர் மாதிரியான டப், பையும் குழாயும் சேர்ந்து வருகிற டப். எங்கள் தேர்வு முதல் வகை. விலையும் அதுதான் குறைவு.

அதிலும் கையில் எடுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். விளிம்பை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பாருங்கள். டிபன் பாக்ஸ் மூடி போல வளைந்து கொடுத்தால் வைத்துவிடுங்கள். வெந்நீர் ஊற்றினால் அந்தப் பிளாஸ்டிக் இன்னும் இளகும். உட்கார்ந்தவர் ஒரு பக்கம் சாய்ந்தால் டப்பும் கூடவே சாயும். அடுத்து, பின்பக்க விளிம்புக்குக் கீழே நீளவாக்கில் சின்னத் துளைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உட்காரும்போது ஏறுகிற தண்ணீர் அந்தத் துளை வழியாகக் கமோடுக்குள் போய்விடும். துளை இல்லாத டப்பில் அது தரைக்கு வரும். பிள்ளை பெற்ற உடம்போடு வழுக்குத் தரையில் எழுந்து நிற்பது ஆபத்து. ஆழத்தையும் விரல் விட்டுப் பாருங்கள். ஒரு சாண் ஆழம் தேவையில்லை, நான்கு விரற்கடை தண்ணீர் நிற்க இடம் இருந்தால் போதும். அதற்கும் குறைந்தால் தொடைதான் நனையும், தையல் நனையாது.

மடக்கு டப் பார்க்க அழகாக இருக்கும், பையில் அடங்கும். ஆனால் மடிப்பு ஒவ்வொன்றிலும் அழுக்கு தங்குகிறது, தேய்த்தாலும் முழுதாக வராது. புண்ணை வைக்கிற பாத்திரத்தில் அப்படி ஒரு சந்து இருக்கவே கூடாது. குழாய் வைத்த வகையில் தண்ணீர் அடியிலிருந்து சுழன்று வரும், சுகமாகத்தான் இருக்கும். பைக்குள் ஈரம் காயாமல் பாசி பிடிப்பது அதன் கேடு. தினமும் குழாயைக் கழற்றித் தலைகீழாகத் தொங்கவிட ஆள் இருக்கிற வீட்டுக்கு மட்டும் அது சரி.

எந்த டப்பாக இருந்தாலும் வாங்கியவர்கள் வீட்டில் முதலில் இடறுவது கமோடில்தான். உட்காரும் வளையத்தைத் தூக்கிவிட்டு, பீங்கான் விளிம்பின் மேலேயே டப்பை வைக்க வேண்டும். வளையத்தின் மேல் வைத்தால் ஆடும். பழைய வீடுகளில் இருக்கிற, இரண்டு பக்கமும் கால் வைக்கும் அகல விளிம்பு கொண்ட கமோடில் இந்த டப் சரியாக உட்காராது. கடைக்குப் போகும் முன் கமோடின் குறுக்களவையும் நீளத்தையும் ஒரு நூலால் அளந்து எடுத்துப் போங்கள். இந்தியன் டாய்லெட் மட்டும் உள்ள வீட்டுக்கு இந்த டப் வீண் செலவு. நடுவில் துளை விட்ட கமோட் நாற்காலியை முதியவர்களுக்காக ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் அதில் வைக்கலாம். இல்லையென்றால் பாத்திரக் கடையில் வாய் அகன்ற புது பிளாஸ்டிக் பேசன் ஒன்று வாங்கி, தரையில் வைக்காமல், ஓர் அடி உயரமுள்ள அசையாத மேடையில் வைத்து உட்காரலாம். எழும்போது கை கொடுக்கப் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். தரையில் வைத்த பேசனிலிருந்து எழுவதற்கு முக்கினால் தையல்தான் இழுபடும்.

தண்ணீர் விஷயத்தில் அட்டைக் குறிப்புகள் எல்லாமே சோம்பல். 'வெதுவெதுப்பான நீர்' என்று போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். வேண்டியது 38 முதல் 40 டிகிரி செல்சியஸ், அதாவது உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதல். 2 லிட்டர் பிடிக்கிற டப்புக்கு, சேலத்தில் சாதாரண நாளில் 1,650 மில்லி குழாய்த் தண்ணீரோடு 350 மில்லி கொதிநீர் சேர்த்தால் கிட்டத்தட்ட அந்தச் சூடு வரும். சித்திரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீரே சுட்டுக்கொண்டு வரும். அப்போது 150 மில்லி கொதிநீர் போதும். ஏற்காட்டில் மார்கழிக் குளிருக்கு 600 மில்லி வரை வேண்டியிருக்கும். எங்கே இருந்தாலும் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, அதன் மேல் கொதிநீரை விட்டுக் கலக்கி, முழங்கையை நனைத்துப் பார்த்த பிறகே உட்கார வேண்டும். தையல் போட்ட இடம் மரத்திருக்கலாம், சூடு உறைக்காது. உட்கார்ந்திருக்கும்போதே "ஆறிப்போச்சு" என்று சொம்பில் கொதிநீர் கொண்டுவந்து ஊற்றுவதால்தான் வெந்துபோகிறது. ஆறினால் எழுந்துவிடுங்கள், அடுத்த வேளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை போதும். அரை மணி நேரம் ஊறினால் தோல் ஊறிச் சுருங்கித் தையல் ஓரம் இளகிவிடும். எழுந்ததும் சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், துடைக்கக் கூடாது. பிறகு ஒருக்களித்துப் படுத்துப் பத்து நிமிடம் காற்றாட விடுங்கள். காயாத தையல் மேல் பேடு வைத்தால் ஊறியதன் பலன் போய்விடும்.

டப்போடு கடைக்காரர் கூட ஒன்றைத் தலையில் கட்டப் பார்ப்பார்: டெட்டால், உப்பு, இல்லையென்றால் மூலிகைப் பொடிப் பாக்கெட். மூன்றும் வேண்டாம். டெட்டால் புண்ணை எரித்து, ஆறவேண்டிய தோலையே கெடுக்கும். உப்பு கெடுதல் செய்யாது, பெரிதாக நல்லதும் செய்யாது. பொடியின் துகள் தையல் நூலில் ஒட்டிக்கொள்ளும். சேலத்து மஞ்சளுக்கு எவ்வளவு புகழ் இருந்தாலும் அது முகத்துக்கும் குழம்புக்கும் இருக்கட்டும், தையல் மேல் பூச வேண்டாம். போவிடோன் அயோடின் மருந்தைப் பலர் கேட்காமலே வாங்கிக் கலக்குகிறார்கள். அதிலுள்ள அயோடின் உடம்பில் இறங்கித் தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குப் போகும், குழந்தையின் தைராய்டைத் தொந்தரவு செய்யலாம். டாக்டர் எழுதிக் கொடுத்தால், அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரைக்கும்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த டப் தையலைச் சீக்கிரம் ஆற்றிவிடும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. அது கொடுப்பது இதம்: வலி தணியும், இறுக்கம் விடும், அடுத்த வேளை வெளிக்குப் போகிற பயம் குறையும். பச்சை உடம்புக்காரிக்கு அது சின்ன விஷயம் இல்லை. புண்ணை ஆற்றுவது சுத்தமும், காற்றும், முக்காமல் மலம் போவதும். இதனால்தான் டப்பைவிட, அதோடு வைத்து விற்கிற கழுவும் பாட்டிலுக்கு நாங்கள் கூடுதல் மதிப்பெண் தருகிறோம்.

அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சும் மெத்தென்ற பாட்டில் அது, கழுத்து வளைந்திருக்கும். சிறுநீர் போகும்போதே முன்னிருந்து பின்னாக வெதுவெதுப்பான தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே போனால் சிறுநீர் நீர்த்துவிடும், தையலில் பட்டாலும் எரியாது. எரியும் என்று பயந்து சிறுநீரை அடக்குகிறவர்கள் நிறைய, தண்ணீர் குடிப்பதையே நிறுத்துகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இது பெரிய உதவி. 300 மில்லிக்குக் குறைந்த பாட்டில் பாதியிலேயே தீர்ந்துவிடும். கழுத்தைத் திருகிப் பூட்ட முடிகிறதா என்று பாருங்கள், வெறுமனே செருகி வைத்தது அழுத்தும்போது கழன்று விழும். கிடைக்காவிட்டால் அமுக்கி ஊற்றும் புது சாஸ் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொள்ளலாம். கமோட் பக்கத்தில் தொங்கும் ஹெல்த் ஃபாசெட் மட்டும் முதல் இரண்டு வாரம் வேண்டாம், அதன் வேகம் தையலுக்கு ஆகாது.

டப்பை முதல் நாளே எடுக்கவும் கூடாது. முதல் 24 மணி நேரம் வீக்கத்துக்குக் குளிர்ச்சிதான் மருந்து. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10 முதல் 20 நிமிடம் வைத்தெடுக்க வேண்டும், நேராகத் தோலில் வைத்தால் தோல் வெந்தது போல் ஆகிவிடும். கடையில் தட்டினால் குளிரும் பொட்டலம் விற்கிறார்கள், ஒரு தடவையோடு சரி. சுத்தமான பேடை நனைத்து ஃப்ரீசரில் வைத்தாலே வேலை முடிந்தது. "குளிர்ச்சி பட்டா ஜன்னி கண்டுடும்" என்று பாட்டி தடுப்பார். அந்தப் பயத்தை எள்ளக் கூடாது. ஜன்னியில், அதாவது பிரசவத்துக்குப் பின் வரும் கொடிய காய்ச்சலில், பெண்கள் செத்ததைப் பார்த்த தலைமுறை சொல்லி வந்த பேச்சு அது. ஆனால் ஜன்னிக்குக் காரணம் கிருமி. 1847இல் வியன்னாவில் டாக்டர் செம்மல்வைஸ், பிரசவம் பார்க்கிறவர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னதும் ஜன்னிச் சாவு சரசரவென்று குறைந்தது. பாட்டியிடம் ஐஸ் பற்றி வாதாடுவதை விட்டுவிட்டு, பேடு மாற்றும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதை வீட்டுச் சட்டமாக்குங்கள்.

எல்லாம் சேர்த்து 'தாய் நலப் பெட்டி' என்கிற மாதிரி விற்கிற செட்டை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதில் வரும் காற்றடிக்கும் வளையத் தலையணைதான் பெரிய ஏமாற்றம். முழுதாகக் காற்றடித்து உட்கார்ந்தால் நடுவில் ஆதாரம் இல்லாமல் தையல் கீழ்நோக்கி இழுபடும், வீக்கமும் கூடும். இரண்டு துண்டைச் சுருட்டித் தொடைக்கு ஒன்றாக அடியில் வைத்து உட்காருவது அதைவிட நல்லது. ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுப்பது எல்லாவற்றிலும் நல்லது. வயிற்றுப் பெல்ட்டும் பழைய புடவைக் கட்டும் ஒன்றுதான்: மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் முழுவதும் கீழே, தையல் மேல்தான் இறங்கும். பேடு தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். மேலே வலை மாதிரி பிளாஸ்டிக் உறை இருப்பது நூல் நுனியில் மாட்டி இழுக்கும், பஞ்சு மேலுறை உள்ளதாகக் கேளுங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, நனையாவிட்டாலும் மாற்ற வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடைகளில் பிரசவ லேகியம் வாங்குகிறவர்கள், சர்க்கரை நோய் இருந்தால் கருப்பட்டி அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். லேகியத்தால் தையலுக்குக் கேடு இல்லை. கேடு அதோடு வரும் பத்தியத்தில்: பூண்டுக் குழம்பும் கருவாடும் மட்டும், காய் இல்லை, "வயிறு போட்டுடும்" என்று தண்ணீரும் இல்லை. மூன்றாம் நாள் மலம் கல்லாகிவிடும். பால் கொடுக்கிறவருக்கு நாளுக்கு இரண்டரை மூன்று லிட்டர் தண்ணீர் போக வேண்டும். மலம் இளக இசப்கோல் குடித்தால் கூடவே இன்னொரு டம்ளர் தண்ணீர் கட்டாயம், இல்லாவிட்டால் அதுவே அடைக்கும். மலம் இளக்கும் லாக்டுலோஸ் சிரப்பைத் தாய்ப்பால் கொடுக்கும்போதும் குடிக்கலாம், அளவை டாக்டரிடம் கேளுங்கள். மலம் போகும்போது சுத்தமான பேடை மடித்துத் தையல் மேல் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டால் பிரிந்துவிடுமோ என்கிற பயம் போகும்.

தையல் பெரும்பாலும் கரைகிற நூல். சீக்கிரம் கரையும் வகை பத்துப் பதினைந்து நாளில் பிடி தளரும், சின்ன நூல் துண்டு பேடில் கிடந்தால் பயம் வேண்டாம். பயப்பட வேண்டியவை வேறு: 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், கெட்ட வாடை, சீழ், தையல் வாய் பிளப்பது, நாளாக ஆகக் கூடுகிற வலி, ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைவது, எலுமிச்சம்பழம் பருமனுக்கு ரத்தக் கட்டி விழுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது. இவற்றில் ஒன்று இருந்தாலும் டப்பை ஓரம் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சந்தேகம் கேட்க 104, வண்டிக்கு 108.

சேலத்தில் பிரசவமாகி ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்குத் திரும்புகிறவர்களுக்கு, மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் தையலுக்குச் சோதனை. வளைவில் வண்டி சாயும்போது உடம்பு முழுப் பாரமும் ஒரு பக்கம் விழும். பின்சீட்டில் தையல் இல்லாத பக்கத்து இடுப்பில் சாய்ந்து, சுருட்டிய துண்டுகளை முட்டுக் கொடுத்து உட்காருங்கள். பெரும்பாலும் எபிசியாட்டமி தாயின் வலப்பக்கம் சாய்ந்து போட்டிருக்கும், சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அடிவாரம் தாண்டும் முன் பேடு மாற்றி, சிறுநீர் கழித்துவிட்டு, கழுவும் பாட்டிலைக் கொதித்து ஆறின தண்ணீரால் நிரப்பிக் கையோடு வைத்துக்கொண்டால், மேலே போய்ச் சேரும் வரை வேறெதையும் தேட வேண்டியிருக்காது.