குளிர்காலத்தில் பழைய கார்: டர்பனா, லெனேசியாவா?

தென்னாப்பிரிக்காவில் குளிர்காலம் தொடங்கும் ஜூன் பிறந்ததும் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அதே கேள்வி: ஆகஸ்ட் வரை வண்டியை எங்கே நிறுத்துவது? கடலோர டர்பனில், வீட்டிலேயே மூடி வைப்பது ஒரு வழி. ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் சொந்தக்காரர் கராஜுக்கு ஏற்றிவிடுவது இன்னொன்று. காற்றுக் கூடாரம் வாங்கலாம் என்பவர்களும் உண்டு.

இங்கிலாந்துக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். அங்கே சாலைப் பனியை உருக்கக் கொட்டும் உப்புக்குப் பயந்து காரை அடைத்து வைக்கிறார்கள். நமக்கு உப்பு கடலிலிருந்து வருகிறது, வருடம் முழுக்க வருகிறது. மழையும் புழுக்கமும் கோடையில்தான். ஜூனும் ஜூலையும் டர்பனில் காய்ந்த மாதங்கள். துருவுக்குக் கொண்டாட்டம் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை.

அதனால் டர்பனிலேயே வைப்பதில் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை. கடலுக்கு எவ்வளவு பக்கம் என்பதுதான் விஷயம். கடலை ஒட்டிய ப்ளஃபிலும் இசிப்பிங்கோவிலும் படிகிற உப்பு சாட்ஸ்வொர்த் மேட்டில் அந்த அளவுக்குப் படியாது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். தகரம் காய்ந்தது போலத் தெரிந்தாலும் அடியில் வேலை நடக்கும். நிறுத்துவதற்கு முன் நல்ல தண்ணீரால், முக்கியமாக அடிப்பக்கத்தையும் சக்கர வளைவுகளையும் கழுவி, வெயிலில் ஓட்டி உலர்த்துங்கள். பிறகு மூச்சு விடும் துணிக் கவர். கார்போர்ட்டில் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டி வைப்பதைவிட ஒன்றும் போடாமல் விடுவதே மேல்: ஈரம் உள்ளே சிக்கும், காற்றில் பாய் ஆடி பெயின்டையும் தேய்த்துவிடும்.

டர்பனின் பெரிய சௌகரியம், குளிர்காலத்திலும் ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எஞ்சின் ஆயில் நன்றாகச் சூடேறும் வரை இருபது, முப்பது கிலோமீட்டர் போய்வந்தால் பிரேக், கார்பரேட்டர், பேட்டரி எல்லாம் பிழைக்கும். நிறுத்திய இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது மட்டும் வேண்டாம். சைலன்சரில் தண்ணீர் தேங்குவதுதான் மிச்சம்.

லெனேசியாவில் காற்று உலர்ந்தது, உப்பு இல்லை. பாடிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் அது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம். ஜூலை இரவுகளில் உறைபனி விழும். டர்பனில் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றிப் பழகியவர்கள் அப்படியே அனுப்பினால் தண்ணீர் உறைந்து எஞ்சின் பிளாக் வெடிக்கக்கூடும். ஆன்டிஃப்ரீஸ் பாதி, தண்ணீர் பாதி கலந்து ஊற்றிவிட்டு அனுப்புங்கள். சார்ஜ் இறங்கிய பேட்டரியும் உறையக்கூடும். கடல் மட்டத்துக்கு டியூன் செய்த கார்பரேட்டர் அங்கே போனால் பெட்ரோலை அதிகமாகக் குடித்துப் புகை விடும். வெயிலும் கடுமை, ஜன்னல் வழியே விழுந்தால் டேஷ்போர்டு பிளக்கும். இவ்வளவுக்கும் மேல் 570 கிலோமீட்டருக்கு ட்ரெயிலர் கூலி. வழியில் வான் ரீனன் கணவாயில் 2024 செப்டம்பரில் பனி கொட்டி என்3 சாலையே அடைபட்டது நினைவிருக்கும்.

காற்றுக் கூடாரம் என்பது காரைச் சுற்றி விசிறியால் ஊதி நிற்கும் பிளாஸ்டிக் அறை. காற்று ஓடிக்கொண்டே இருப்பதால் தகரத்தில் வியர்வை பூக்காது. தூசி, பூனை நகம் இரண்டும் அண்டாது. ஆனால் அது காற்றை உலர்த்துவதில்லை. கராஜில் இருக்கும் புழுங்கிய காற்றையே உள்ளே தள்ளும். 2023-இல் போல லோட்ஷெட்டிங் (முறை வைத்த மின்வெட்டு) திரும்பினால் விசிறி நின்று பிளாஸ்டிக் காரின் மேலேயே படுத்துக்கொள்ளும். பூட்டிய, காய்ந்த கராஜ் இருப்பவருக்கு இது ஆடம்பரம். இல்லாதவருக்கு இது போதாது.

எங்கே வைத்தாலும் சில வேலைகள் பொது. பெட்ரோல் டாங்கை நிரப்புங்கள், டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், இல்லாவிட்டால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். வாரக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் பேட்டரி வயரைக் கழற்றுங்கள்.

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ்காரர்கள் குளிருக்கு வண்டியை எங்கும் அனுப்ப வேண்டாம் என்பேன். ஓட்டுங்கள். கடலோரம் கராஜே இல்லாதவர்கள் மட்டும் லெனேசியாவை யோசிக்கலாம். அதையும் ஜூனில் அல்ல, புரட்டாசி விரதம் முடிந்து மழை பிடிக்கும்போது அனுப்புங்கள். அங்கேயும் கோடையில் மழை உண்டு, உப்பு இல்லை. கூரையுள்ள கராஜ்தானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கம் கோடையில் ஆலங்கட்டி மழை பெய்து பானெட்டைக் குழியாக்கிவிடும்.